குழாயில் உறைந்துவிட்டால் விஷம் இல்லையா?

நவம்பர் 6, காலை 7.10 | பெகு வயல்காரர்

அறுப்பு தொடங்கியாச்சு, பாம்புக்கடியும் தொடங்கியாச்சு. எங்கள் பக்கம் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: கடிபட்டவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைப்பார்கள், உறைந்தால் விஷம் ஏறவில்லை, வீட்டுக்குப் போகலாம். இது சரியா? உறையாவிட்டால் அந்த ஆளுக்கு ஹீமோபீலியா (இரத்தம் சரியாக உறையாத பிறவி நோய்) மாதிரி ஆகிவிட்டது என்கிறார்களே, அதுவும் சரியா?

நவம்பர் 6, இரவு 9.40 | ஆய்வகத்தான், இரங்கூன்

இரண்டும் தப்பு. முதலாவது ஆளைக் கொல்லும் தப்பு, இரண்டாவது பரீட்சையில் மார்க் போகும் தப்பு.

உறைந்தது என்றால், ஊசி குத்திய அந்த நேரத்தில் உறைவதற்குப் போதிய ஃபைப்ரினோஜன் (உறையும்போது நூலாகும் புரதம்) இரத்தத்தில் இருந்தது. அதற்கு மேல் அந்தக் குழாய் வாய் திறக்காது. கண்ணாடி விரியன் (பர்மியர் ம்வேப்வே என்பது இதைத்தான்) விஷம் உறைபொருளைத் தின்று தீர்க்க நேரம் பிடிக்கும். கடித்து அரை மணியில் வந்தவருக்கு உறையும், அதே ஆளுக்கு மூன்று மணி கழித்து உறையாமல் போகலாம். நல்ல பாம்போ கட்டு விரியனோ கடித்திருந்தால் மூச்சு நிற்கும் தருவாயிலும் இரத்தம் ஒழுங்காக உறையும். அதனால் வந்தவுடன் ஒரு தடவை, பிறகு திரும்பத் திரும்ப. முதல் சோதனை எப்படி இருந்தாலும் 24 மணி நேரம் கண் பார்வையில் வைத்திருந்துதான் அனுப்ப வேண்டும்.

செய்முறை எளிது, கெடுப்பதும் எளிது. கை நாளத்திலிருந்து 2 மில்லி இரத்தம். புதிய, உலர்ந்த, சாதாரணக் கண்ணாடிக் குழாய். ஓரிடத்தில் நிமிர்த்தி வைத்து 20 நிமிடம் தொடவே கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து ஆட்டிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அதை விடுங்கள். நேரமானதும் ஒரே ஒரு முறை சாய்ப்பது. தண்ணீராய் ஓடினால் உறையவில்லை. கட்டி அப்படியே நின்றால் உறைந்தது. தளதளவென்று சரிந்து உடைகிற அரைகுறைக் கட்டியை "உறைந்தது" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உடனே இன்னொரு குழாய் வையுங்கள்.

சந்தேகம் வந்தால் கூட வந்த உறவினரிடம் 2 மில்லி எடுத்துப் பக்கத்துக் குழாயில் வைக்க வேண்டும். அவருடையதும் உறையாவிட்டால் குற்றவாளி பாம்பு அல்ல, குழாய்.

நவம்பர் 7, காலை 6.25 | மோல்மீன் நர்ஸ்

கண்ணாடிக் குழாய் கிடைப்பதில்லை அண்ணே. பிளாஸ்டிக் சிரிஞ்சிலேயே விட்டு வைத்தால் என்ன?

நவம்பர் 7, பகல் 1.15 | ஆய்வகத்தான்

கூடாதும்மா. கண்ணாடிச் சுவர் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. இரத்தத்திலுள்ள ஃபேக்டர் 12 (எண் போட்ட உறைதல் காரணிகளில் ஒன்று) அதில் ஒட்டி விழித்துக்கொள்ளும். அது 11-ஐ எழுப்ப, 11 போய் 9-ஐ எழுப்ப, கடைசியில் த்ராம்பின் பிறந்து ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் நூலாக்கும். பாலிஸ்டைரீன் மாதிரி பிளாஸ்டிக்கில் இந்த எழுப்பல் மந்தம். நல்ல இரத்தமே 20 நிமிடத்தில் உறையாமல் நின்று, தேவையில்லாத ஆளுக்கு விஷமுறிவு மருந்து ஏறிவிடும். அந்த மருந்து குதிரைச் சீரம், ஒவ்வாமையில் ஆளைக் கவிழ்த்துவிடும் ஆபத்து அதிலேயே இருக்கிறது.

சோப்புத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அதே கதைதான். படலம் ஒட்டியிருந்தால் கண்ணாடி இருந்தும் பயனில்லை.

ஒரு வேடிக்கை. ஃபேக்டர் 12 பிறவியிலேயே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இரத்தம் கண்ணாடியில் உறையவே உறையாது போலத் தோன்றும், ஆனால் உடம்பில் ஒரு சொட்டுக்கூட அதிகம் சிந்தாது. 1955-இல் ராட்னாஃப் என்ற மருத்துவர் இதை முதலில் விவரித்த நோயாளி ஜான் ஹேகமன், ரயில்வே தொழிலாளி. அவர் பெயரே அந்தக் காரணிக்கு வந்தது. 1968-இல் அவர் இறந்தது இரத்தப்போக்கால் அல்ல, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது நுரையீரலுக்குப் போய் அடைத்த இரத்தக்கட்டியால். குழாயில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

நவம்பர் 7, இரவு 11.50 | ஆய்வகத்தான்

முதல் பதிவில் ஒரு திருத்தம். "போதிய ஃபைப்ரினோஜன் இருந்தது, அதற்கு மேல் எதுவும் சொல்லாது" என்று எழுதியது பாம்புக்கடிக்குச் சரி. மற்றபடி முழுச் சரியில்லை. ஃபேக்டர் 8 ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ள கடும் ஹீமோபீலியாக்காரருக்கு ஃபைப்ரினோஜன் நிறைய இருந்தும் 20 நிமிடத்தில் உறையாமல் போகலாம். ஹெப்பாரின் (உறைதலைத் தடுக்கும் ஊசி மருந்து) போட்டவருக்கும் அப்படியே. ஆகவே வயல்காரர் கேட்டதில் அரைக்கால் நியாயம் இருக்கிறது. ஆனால் வழி எதிரெதிர். ஹீமோபீலியாவில் த்ராம்பின் செய்யும் பட்டறையில் ஒரு கருவி இல்லை, சரக்கு அப்படியே கிடக்கிறது. விரியன் கடியில் பட்டறை வெறி பிடித்து ஓடிச் சரக்கையே தீர்த்துவிடுகிறது.

நவம்பர் 8, காலை 8.05 | பெகு வயல்காரர்

வெறி பிடித்து ஓடினால் உடம்பெல்லாம் கட்டியாக உறைந்திருக்க வேண்டுமே? ஏன் இரத்தம் ஒழுகுகிறது?

நவம்பர் 8, இரவு 10.20 | ஆய்வகத்தான்

நல்ல கேள்வி. வருஷத்துக்கு வைத்த விறகையெல்லாம் முற்றத்தில் கொட்டி ஒரே மூச்சில் கொளுத்திவிட்டால் ராத்திரி அடுப்புக்கு ஒன்றும் இருக்காது. அதுதான் நடக்கிறது.

விஷத்தில் இரண்டு நொதிகள் முக்கியம். ஒன்று ஃபேக்டர் 10-ஐ நேரடியாக எழுப்பும். மற்றது ஃபேக்டர் 5-ஐ. இரண்டும் சேர்ந்தால் த்ராம்பின் மளமளவென்று வரும். ஃபைப்ரினோஜன் சின்னச் சின்ன நூலாகி இரத்த ஓட்டத்திலேயே வீணாகும். உடம்பு சும்மா இருக்காது, பிளாஸ்மினை அனுப்பி அந்த நூல்களை வெட்டித் தள்ளும். வெட்டுத் துண்டுதான் டி-டைமர். விரியன் கடியில் டி-டைமர் வானத்தில் இருக்கும். ஃபைப்ரினோஜன் சாதாரணமாக லிட்டருக்கு 2 முதல் 4 கிராம். அரை கிராமுக்குக் கீழே போனால் குழாயில் உறையாது. ஒரு கிராமில் இருப்பவருக்கு? உறைந்துவிடும். அதனால்தான் குழாய் சோதனை இலேசான பாதிப்பைத் தவறவிடுகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இந்த நிலையில் விஷமுறிவு மருந்து போடாமல் பிளாஸ்மா ஏற்றினால் எரிகிற அடுப்பில் இன்னும் விறகு. விஷம் அதையும் தின்னும். முதலில் விஷத்தைக் கட்டிப்போட வேண்டும், பிறகு கல்லீரல் புது ஃபைப்ரினோஜன் செய்ய விட வேண்டும். அதற்குப் பொதுவாக 3 முதல் 9 மணி ஆகும். ஆறு மணிக்கு ஒரு தடவை குழாய் வைப்பதற்கும், ஆறு மணியில் இன்னும் உறையாவிட்டால் மருந்தைத் திரும்பக் கொடுப்பதற்கும் அடிப்படை இதுதான். மருந்து ஏற்றி ஒரு மணியில் குழாய் வைத்து "வேலை செய்யவில்லை" என்று பதறுவதில் அர்த்தமில்லை. ஈறில் ஒழுகுவது நிற்கிறதா என்பதைத்தான் அப்போது பார்க்க வேண்டும், அது அரை மணிக்குள் நிற்கத் தொடங்கும்.

ஈறு என்றதும் ஒன்று. குன்யா (வெற்றிலை பாக்கு) மெல்லுகிறவர் வாயில் இரத்தக் கசிவு கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் ஒரே சிவப்பு. வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, பல்லும் ஈறும் சேருமிடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் கசிவு பெரும்பாலும் அங்கேதான்.

நவம்பர் 9, காலை 7.45 | தட்டோன் தம்பி

இந்தியாவிலிருந்து வரும், பல பாம்புகளுக்கும் சேர்த்துச் செய்த விஷமுறிவு மருந்தை இங்கே போடலாமா? இரண்டும் ஒரே விரியன்தானே?

நவம்பர் 9, மாலை 6.00 | ஆய்வகத்தான்

ஒரே விரியன் அல்ல. 2007-இல் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இந்தியா, இலங்கைப் பக்கம் டபோயா ரஸ்ஸெலி, நம் பர்மாவில் டபோயா சயாமென்சிஸ். விஷத்தின் சேர்க்கை வேறு. இங்கே கடிபட்டவர்களுக்குக் கண் வெள்ளைப்படலம் நீர்கோத்து வீங்குவதும், மூளையடிப் பிட்யூட்டரி சுரப்பியில் இரத்தம் கசிந்து பின்னாளில் முடி உதிர்ந்து, மாதவிலக்கு நின்று, ஆள் சோர்ந்து போவதும் நன்றாகப் பதிவான அடையாளங்கள். இங்குள்ள பாம்பின் விஷத்தைக் குதிரைக்கு ஏற்றித் தயாரித்த மருந்துதான் முதல் தேர்வு. இன்செயினில் பி.பி.ஐ. (பர்மா மருந்து ஆலை) செய்வது அதுதான்.

நவம்பர் 9, இரவு 9.30 | ஆய்வகத்தான்

தலைப்பை விட்டு ஓடுகிறேன் என்று யாராவது சொல்லும் முன் நானே ஓடிவிடுகிறேன். இந்தப் பாம்பும் உறைதல் படிப்பும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். 1934-இல் இங்கிலாந்தில் மாக்ஃபர்லேனும் பார்னெட்டும் ஹீமோபீலியாக்காரரின் காயத்தில் நீர்த்த விரியன் விஷத்தைத் தடவி இரத்தத்தை நிறுத்தலாம் என்று எழுதினார்கள். 30 வருடம் கழித்து, 1964-இல், உறைதல் என்பது ஒரு நொதி இன்னொன்றைத் தட்டியெழுப்பும் அடுக்குச் சங்கிலி என்று சொன்னதும் அதே மாக்ஃபர்லேன்தான். அதே ஆண்டில் டேவியும் ராட்னாஃபும் அதை அருவி என்றார்கள். ஆமாம், ஹேகமனைப் பார்த்த அதே ராட்னாஃப்.

காரணிகளின் எண்ணைப் பார்த்து வரிசை என்று நினைக்க வேண்டாம். எண்கள் கண்டுபிடிப்பின் ஒழுங்கில் வைத்தவை, வேலை செய்யும் ஒழுங்கில் அல்ல. ஃபேக்டர் 6 என்று ஒன்று இல்லவே இல்லை. 5-இன் விழித்த வடிவத்தைத் தனி ஆள் என்று நினைத்து எண் கொடுத்து, பிறகு எடுத்துவிட்டார்கள். இரங்கூனில் சில தெருக்களில் வீட்டு எண் தேடிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

உடம்பில் உண்மையாக நடப்பது இப்படி. நாளம் கிழிந்தால் வெளிப்பக்கத் திசுவில் உள்ள திசுக்காரணி இரத்தத்தைத் தொடும். அது ஃபேக்டர் 7-ஐப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் 10-ஐயும் கொஞ்சம் 9-ஐயும் எழுப்பும். துளி த்ராம்பின் வரும். அந்தத் துளி தட்டணுக்களை உசுப்பி, 5, 8, 11 மூன்றையும் தயார் செய்யும். பிறகு தட்டணுவின் மேல்தோலில் 8-உம் 9-உம் சேர்ந்து 10-ஐ எழுப்ப, 10-உம் 5-உம் சேர்ந்து த்ராம்பினை வெள்ளமாக்கும். ஹீமோபீலியாவில் முதல் துளி ஒழுங்காக வரும், வெள்ளம் வராது. வெட்டுக்காயம் ஆரம்பத்தில் நிற்பது போல் நின்று, மணிக்கணக்கு கழித்து மறுபடி ஒழுகுவதும், மூட்டுக்குள் இரத்தம் கோத்துக்கொள்வதும் அதனால்தான்.

நவம்பர் 10, காலை 6.50 | மோல்மீன் நர்ஸ்

பி.டி., ஏ.பி.டி.டி. என்ற உறையும் நேரச் சோதனைகள் இரண்டையும் ஒரு வழியாகப் புரியவையுங்கள். எங்களுக்குக் காகிதத்தில் நம்பர் மட்டும் வருகிறது.

நவம்பர் 10, இரவு 8.15 | ஆய்வகத்தான்

குழாயிலுள்ள சிட்ரேட் சுண்ணாம்புச் சத்தை (கால்சியத்தை) பிடித்து வைத்திருப்பதால் பிளாஸ்மா தூங்குகிறது. நாம் இரண்டு விதமாக எழுப்பி எத்தனை வினாடியில் உறைகிறது என்று பார்க்கிறோம்.

பி.டி.: 0.1 மில்லி பிளாஸ்மாவை 37 டிகிரியில் சூடாக்கி, 0.2 மில்லி த்ராம்போபிளாஸ்டின் (திசுக்காரணி, கொழுப்பு, கால்சியம் எல்லாம் அதிலேயே) ஊற்றி ஸ்டாப்வாட்ச். ஏறத்தாழ 11 முதல் 14 வினாடி. இது பார்ப்பது 7, 10, 5, 2, ஃபைப்ரினோஜன். 1935-இல் குயிக் கொண்டுவந்தது.

ஏ.பி.டி.டி.: 0.1 பிளாஸ்மா, 0.1 கயோலின் அல்லது சிலிகா கலந்த கொழுப்பு மருந்து. சில நிமிடம் ஊற வைத்து (எத்தனை என்று கிட் சொல்லும்), 0.1 மில்லி 0.025 மோலார் கால்சியம் குளோரைடு ஊற்றிய நொடியிலிருந்து எண்ண வேண்டும். சுமார் 25 முதல் 35 வினாடி. 12, 11, 9, 8, பிறகு 10, 5, 2, ஃபைப்ரினோஜன். நிறைய ஆய்வகங்களில் தப்பு நடக்கும் இடம் அந்த ஊறும் நேரம். மின்சாரம் போய் தண்ணீர்த் தொட்டி 33 டிகிரிக்கு இறங்கியிருந்தால் ஊருக்கே ஹீமோபீலியா வந்துவிடும். தொட்டிக்குள் தனி தெர்மாமீட்டர் மிதக்கட்டும், முகப்பில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்.

படிக்கும் விதம்: பி.டி. மட்டும் நீண்டால் 7 குறைவு, அல்லது வார்ஃபரின் (உறைதலைத் தடுக்கும் மாத்திரை) அல்லது வைட்டமின் கே குறைவின் ஆரம்பம். 7-இன் ஆயுள் சுமார் 6 மணிதான், அதனால் முதலில் விழுவது அது. ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டால் 8, 9, 11, 12 ஒன்றில் குறைவு, அல்லது ஹெப்பாரின், அல்லது லூபஸ் எதிர்ப்பொருள் (சோதனையில் போடும் கொழுப்பை மறைப்பது). இரண்டும் நீண்டால் கல்லீரல், பரவலாக உறைந்து தீர்தல், விரியன், எலி மருந்து, ஏறிப்போன வார்ஃபரின். இரண்டும் நன்றாக இருந்தும் இரத்தம் ஒழுகினால் தட்டணு, வான் வில்லிபிராண்ட் (தட்டணுவை நாளத்தில் ஒட்டும் பசை), அல்லது 13.

எலி மருந்து என்றேன். இப்போது கடையில் விற்பது பழைய வார்ஃபரின் அல்ல, புரோடிஃபாக்கும் மாதிரி நெடுநாள் உடம்பில் தங்குவது. ஒரு வாரம் வைட்டமின் கே கொடுத்து பி.டி. இறங்கியது என்று நிறுத்தினால் திரும்ப ஏறும். மாதக்கணக்கில் பார்க்க வேண்டும்.

நவம்பர் 10, இரவு 8.40 | ஆய்வகத்தான்

ஐ.என்.ஆர். (கிட்டுக்குக் கிட் மாறும் பி.டி.யை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் எண்) எழுத மறந்தேன். நோயாளியின் பி.டி.யைச் சாதாரண சராசரியால் வகுத்து, கிட்டின் ஐ.எஸ்.ஐ. எண்ணுக்கு (ஒவ்வொரு லாட்டுக்கும் தனியாகத் தரப்படுவது) அடுக்கேற்றுவது. 24 வினாடி, சராசரி 12 என்றால் விகிதம் 2. ஐ.எஸ்.ஐ. 1.0 என்றால் ஐ.என்.ஆர். 2.0. அதே 24 வினாடி 1.4 உள்ள கிட்டில் 2.6. புது லாட் வாங்கிய பிறகு பழைய ஐ.எஸ்.ஐ.யை இயந்திரத்தில் மாற்றாமல் விட்டால் அந்த வட்டாரத்து வார்ஃபரின்காரர் எல்லோரின் மாத்திரையும் தப்பாகும். இது வார்ஃபரினுக்காகச் செய்த கணக்கு. கல்லீரல் நோயிலும் பாம்புக்கடியிலும் அதை எழுதுகிறார்கள், எழுதட்டும். ஆனால் 1.8-க்கும் 2.1-க்கும் நடுவில் அர்த்தம் தேடாதீர்கள்.

நவம்பர் 11, பகல் 12.30 | தட்டோன் தம்பி

இங்கே எடுத்த இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி பஸ்ஸில் இரங்கூனுக்கு அனுப்புகிறோம். பத்திரமாகத்தான் போகிறது.

நவம்பர் 11, இரவு 9.55 | ஆய்வகத்தான்

ஐயோ தம்பி. பத்திரமாகப் போவது டப்பா.

முழு இரத்தத்தைக் குளிரில் வைத்தால் 7 தானாக விழிக்கும், 8-உம் வான் வில்லிபிராண்டும் குறையும். சாதாரண ஆள் காகிதத்தில் வான் வில்லிபிராண்ட் நோயாளி ஆகிவிடுவார். முழு இரத்தம் அறை வெப்பத்தில்தான் இருக்க வேண்டும். ஏ.பி.டி.டி. 4 மணிக்குள் முடிய வேண்டும், ஹெப்பாரின் ஓடுகிறவருடையதை ஒரு மணிக்குள் சுழற்றிவிட வேண்டும், பி.டி. மட்டும் 24 மணி தாங்கும். தட்டோனிலிருந்து அனுப்ப ஒரே வழி, அங்கேயே 1500 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றி, மேல் பிளாஸ்மாவை எடுத்து இன்னொரு பிளாஸ்டிக் குழாயில் மறுபடி சுழற்றி, அடிமட்டத்தைத் தொடாமல் மேலிருந்து எடுத்து உறையவைத்து அனுப்புவது. பிளாஸ்மாவில் தட்டணு மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருகும்போது தட்டணு உடைந்து கொழுப்பைக் கொட்டி, லூபஸ் எதிர்ப்பொருளை மறைத்துவிடும்.

குழாய் நிரப்புவதைப் பற்றி மட்டும் தனி இழை போடலாம். நீல மூடிக் குழாயில் 3.2 சதவீத சிட்ரேட் 0.3 மில்லி, இரத்தம் 2.7. ஒன்பதுக்கு ஒன்று. கோட்டுக்குக் கீழே இரத்தம் நின்றால் சிட்ரேட் மிஞ்சி, நாம் ஊற்றும் கால்சியத்தையும் விழுங்கிவிடும், நேரம் பொய்யாக நீளும். குழந்தையிடம் 1 மில்லிதான் வந்தது என்று பெரிய குழாயில் ஊற்றி அனுப்புவது அந்தக் குழந்தைக்கு இல்லாத நோயைக் கொடுப்பது. இரத்தம் கெட்டியான ஆளுக்கு, அதாவது ஹெமடோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) 55-க்கு மேல், குழாயிலேயே சிட்ரேட்டைக் குறைக்க வேண்டும். 0.00185 பெருக்கல் (100 கழித்தல் ஹெமடோகிரிட்) பெருக்கல் இரத்த அளவு. ஹெமடோகிரிட் 60, இரத்தம் 2.7 என்றால் 0.2 மில்லி. அதாவது குழாயிலிருந்து 0.1-ஐ முன்பே எடுத்துவிட வேண்டும்.

ஊதா மூடி முதலில், நீல மூடி பிறகு என்று எடுக்காதீர்கள். நிரம்பாத நீலக் குழாயில் ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி "சரிக்கட்டுவது" அதைவிட மோசம். ஊதாவிலுள்ள உறைதடுப்பான் ஈ.டி.டி.ஏ. போய் 5-ஐயும் 8-ஐயும் இல்லாததாகக் காட்டும். ஊற்றியவர் ஒப்புக்கொள்ளமாட்டார், பொட்டாசியம் ஏறி கால்சியம் அடிமட்டத்தில் இருப்பது காட்டிக்கொடுத்துவிடும்.

நவம்பர் 12, காலை 7.30 | பெகு வயல்காரர்

ஆபரேஷனுக்கு முன் காதில் குத்திப் பார்த்து பி.டி., சி.டி. நார்மல் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

நவம்பர் 12, மாலை 5.40 | ஆய்வகத்தான்

எழுத்துக் குழப்பம். அது பி.டி. இல்லை, பீ.டி.: ப்ளீடிங் டைம். கூடவே க்ளாட்டிங் டைம். கண்ணாடி நுண்குழாயில் இரத்தம் உறையும் நேரம் நீள வேண்டுமென்றால் காரணியின் அளவு ஒன்றிரண்டு சதவீதத்துக்கு விழ வேண்டும். 10 சதவீத ஃபேக்டர் 8 உள்ள ஆளுக்கு அது அழகாக நார்மல் வரும், டான்சில் எடுத்த அன்று இரவு தலையணை நனையும். அதைவிட ஐந்து கேள்வி மேல்: பல் பிடுங்கினபோது மறுநாளும் ஒழுகியதா, சுன்னத் அல்லது பழைய ஆபரேஷனில் இரத்தம் ஏற்ற வேண்டி வந்ததா, மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேலா, அடிபடாமல் நீலம் பாய்கிறதா, அம்மா வழி மாமனுக்கோ தாத்தாவுக்கோ இப்படி உண்டா. அம்மா வழியை அழுத்திக் கேளுங்கள், ஹீமோபீலியா அந்த வழியில்தான் வரும். யாருக்கும் இல்லை என்ற பதிலும் விடுதலை அல்ல. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்கதை கிடையாது.

ஏ.பி.டி.டி.யும் தெய்வவாக்கு இல்லை. 8 அல்லது 9 சுமார் 30, 40 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது நீளத் தொடங்கும்.

நவம்பர் 13, இரவு 10.10 | ஆய்வகத்தான்

கலப்புச் சோதனை கேட்டு மூன்று தனிச்செய்தி. இங்கேயே எழுதுகிறேன்.

நீண்ட ஏ.பி.டி.டி. பிளாஸ்மாவோடு சம அளவு நல்ல பிளாஸ்மா கலந்து திரும்ப ஓட்ட வேண்டும். இறங்கிச் சரியானால் ஏதோ குறைவு, நல்ல பிளாஸ்மா நிரப்பிவிட்டது. சரியாகவில்லை என்றால் உள்ளே தடுப்பான் இருக்கிறது. அதற்கு முன் ஹெப்பாரின் இல்லை என்று உறுதி வேண்டும்: த்ராம்பின் டைம் மிக நீண்டு, ரெப்டிலேஸ் டைம் நார்மல் என்றால் ஹெப்பாரின்தான். ரெப்டிலேஸ் என்பதும் ஒரு தென்னமெரிக்க விரியனின் விஷம், ஹெப்பாரினுக்கு அது மசியாது. பாம்பை விட்டு ஓட முடியவில்லை பாருங்கள்.

குறைவு என்றால் 8, 9, 11 தனித்தனியே அளக்க வேண்டும். 1-க்குக் கீழே கடுமை, 1 முதல் 5 நடுத்தரம், அதற்கு மேல் 40 வரை இலேசு. 8-ஆ 9-ஆ என்று தெரியாமல் கிரையோ (உறையவைத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தது) ஏற்றுவது பெரிய தப்பு. கிரையோவில் 8, வான் வில்லிபிராண்ட், ஃபைப்ரினோஜன், 13 இருக்கும், 9 இருக்காது. செறிவு மருந்துக் கணக்கும் வேறு: கிலோவுக்கு 1 யூனிட் 8 கொடுத்தால் 2 சதவீதம் ஏறும், 9 கொடுத்தால் 1 சதவீதம்தான். 60 கிலோ ஆளைப் பூஜ்யத்திலிருந்து 50-க்கு ஏற்ற 8 என்றால் 1500 யூனிட், 9 என்றால் 3000.

நவம்பர் 14, காலை 6.15 | ஆய்வகத்தான்

நேற்று எழுதியதில் அவசரம். கலந்த உடனே ஓட்டிச் சரியாகிவிட்டது என்று மகிழக் கூடாது. ஃபேக்டர் 8-க்கு எதிரான தடுப்பான் மெதுவாக வேலை செய்யும். கலவையை 37 டிகிரியில் 2 மணி வைத்து மறுபடி ஓட்டினால்தான் நீளும். லூபஸ் எதிர்ப்பொருள் பெரும்பாலும் உடனேயே காட்டும். ஆக இரண்டு வாசிப்பு, கூடவே தனித்தனியாக 2 மணி வைத்த இரண்டு பிளாஸ்மாவைக் கடைசியில் கலந்த கட்டுப்பாடு ஒன்று. இல்லாவிட்டால் 2 மணியில் 8 தானாகக் கெட்டதைத் தடுப்பான் என்று எழுதிவிடுவோம். வயதானவர் அல்லது பிள்ளை பெற்ற பெண், முன்பு எந்தக் குறையும் இல்லாதவர், திடீரென்று தோளிலிருந்து முழங்கை வரை நீலம் பாய்ந்து வந்தால் 8-க்கு எதிரான தடுப்பானைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

நவம்பர் 14, இரவு 9.00 | மோல்மீன் நர்ஸ்

லூபஸ் எதிர்ப்பொருளில் ஏ.பி.டி.டி. நீளும் என்கிறீர்கள், ஆனால் அவர்களுக்குக் காலில் இரத்தக்கட்டி வருகிறதே?

நவம்பர் 15, பகல் 2.20 | ஆய்வகத்தான்

வரும். அந்த எதிர்ப்பொருள் குழாயில் நாம் போடும் கொழுப்பை மறைப்பதால் நேரம் நீள்கிறது. உடம்பில் அது கட்டியை வளர்க்கிறது. மறுபடியும் ஹேகமன் பாடம்.

கண்டுபிடிக்க நம்மூர்ப் பாம்பின் இந்திய உறவினர் உதவிக்கு வருவார். நீர்த்த விரியன் விஷச் சோதனை: விஷம் 10-ஐ நேரடியாக எழுப்புவதால் 12, 11, 9, 8, 7 எல்லாம் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். ஹீமோபீலியாக்காரருக்கும் நார்மல் வரும். கொழுப்பைக் குறைவாகப் போட்டு ஒரு வாசிப்பு, நல்ல பிளாஸ்மா கலந்து ஒன்று, கொழுப்பை நிறையப் போட்டு ஒன்று. குறைந்த கொழுப்பில் நீண்டு, நிறைந்த கொழுப்பில் குறுகினால் லூபஸ். ஒரு தடவை வந்தது போதாது, 12 வாரம் கழித்துத் திரும்ப வர வேண்டும், காய்ச்சலில் தற்காலிகமாக வந்து போகிறவை நிறைய. வார்ஃபரினும் ஹெப்பாரினும் ஓடும்போது செய்தால் படிப்பதே கஷ்டம்.

நவம்பர் 15, இரவு 8.35 | தட்டோன் தம்பி

தட்டணு 20,000 என்று வந்தது, ஆள் சைக்கிளில் வந்து போகிறார். டெங்கியா?

நவம்பர் 15, இரவு 8.50 | ஆய்வகத்தான்

கண்ணாடித் தகட்டில் தேய்த்து ஓரத்தைப் பாருங்கள். கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் ஈ.டி.டி.ஏ. செய்த வேலை. நீல மூடிக் குழாயில் எடுத்து எண்ணி, வந்ததை 1.1-ஆல் பெருக்குங்கள்.

நவம்பர் 17, இரவு 9.15 | ஆய்வகத்தான்

மாதவிலக்கு அதிகம் என்று மட்டும் வரும் பெண்களைப் பற்றி இன்னும் ஒருவரும் கேட்கவில்லை, அதனால் கேட்காமலே எழுதுகிறேன். பி.டி., ஏ.பி.டி.டி., தட்டணு மூன்றும் நார்மல் என்று இரும்பு மாத்திரையோடு அனுப்பப்படுகிறவர்களில் வான் வில்லிபிராண்ட் குறைவு ஒளிந்திருக்கும். 1926-இல் பின்லாந்தின் ஓலாந்து தீவுக் குடும்பம் ஒன்றில் எரிக் வான் வில்லிபிராண்ட் பார்த்தது. இது தட்டணுவைக் கிழிந்த நாளத்தில் ஒட்டும் பசை, 8-ஐத் தோளில் சுமக்கும் ஆளும் இதுவே. அளக்க வேண்டியவை: அதன் அளவு, ரிஸ்டோசெட்டின் என்ற மருந்து வழியாக அதன் வேலை, கூடவே 8. அளவும் வேலையும் சேர்ந்து குறைந்தால் ஒரு வகை, அளவு இருந்து வேலை இல்லாவிட்டால் வேறு வகை. ஓ குரூப்காரருக்கு இயல்பாகவே கால் பங்கு குறைவு, கர்ப்பத்திலும் காய்ச்சலிலும் பயத்திலும் ஏறும். ஊசியைப் பார்த்து அழுத குழந்தையின் நார்மல் அளவு நார்மல் அல்ல. ஒரு தடவையில் முடிவு எழுதாதீர்கள்.

பிறந்த குழந்தையின் தொப்புள் கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் ஒழுகி, எல்லாச் சோதனையும் நார்மல் என்றால் 13. கட்டியை 5 மோலார் யூரியாவில் போட்டு 24 மணி வைத்தால் நல்ல கட்டி நிற்கும், 13 இல்லாத கட்டி கரைந்துபோகும். அளவு மிகக் குறைந்தால்தான் இது கண்டுபிடிக்கும், கொஞ்சம் குறைந்ததைக் கண்டுபிடிக்காது.

நவம்பர் 19, காலை 6.40 | பெகு வயல்காரர்

கடைசியாக ஒன்று. எங்கள் சுகாதார நிலையத்தில் கண்ணாடிக் குழாய் தீர்ந்துவிட்டது. பென்சிலின் ஊசி மருந்துச் சின்னப் புட்டிகள் நிறையக் கிடக்கின்றன. கழுவி வைத்தால் ஆகுமா?

நவம்பர் 19, இரவு 10.05 | ஆய்வகத்தான்

கண்ணாடிதான், வேறு வழி இல்லாவிட்டால் ஆகும். சோப்பு கிட்டவே வரக்கூடாது. மருந்துத் தூள் போகும்வரை வெறும் சுத்தத் தண்ணீரில் பல முறை அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, கவிழ்த்து வடித்து, சூட்டில் முழுதாக உலர்த்துங்கள். ஈரம் நின்றால் சிவப்பணு உடைந்து நிறம் ஏமாற்றும். புட்டி அகலம் என்பதால் 2 மில்லி அடியில் தட்டையாகப் பரவும், சாய்த்துப் படிப்பது கஷ்டம், ஒல்லியான புட்டியாகப் பொறுக்குங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டை எடுத்து நல்ல ஆள் இரண்டு பேர் இரத்தத்தை விட்டு 20 நிமிடம் பாருங்கள். இரண்டும் கெட்டியாக நின்றால் அந்தத் தொகுதிக்குத் தேதி எழுதி மூடி வையுங்கள். ஒன்று ஓடினாலும் அந்தத் தொகுதி முழுதும் குப்பைக்கு.